கெட்டது கிளச்சு, குற்றவாளி யார்?

வீட்டிலே பழைய மோட்டார் வண்டி ஒன்று இருக்குமாயின், அதனுடன் ஒரு வழக்கும் குடியிருக்கும். ஒரு முறை கிளச்சுத் தேய்ந்தால், ‘வயசான வண்டிதானே’ என்று மாற்றிக்கொள்கிறோம். ஆறு மாதத்தில் அதே கோளாறு மறுபடியும் தலைகாட்டினால் உதிரிப்பாகம் விற்றவர்மேல் ஐயம் விழுகின்றது. மூன்றாம் முறை, பூட்டியவர்மேல் கோபம் விழுகின்றது. பூட்டியவரோ, ‘ஓட்டுகிறவருடைய கால் எப்போதும் மிதியின்மேல்தான் இருக்கிறது’ என்று கூறிவிடுகிறார். வீட்டுக்கு வந்ததும் தந்தை மகனைப் பார்க்கிறார். மகன் தாயைப் பார்க்கிறான். இவ்வாறு பழி ஆள்மாறிக்கொண்டே இருக்கப் பணமும் கரைந்துகொண்டே இருக்கும். பழுதுக்கு மூலமான காரணமோ ஒருவராலும் விசாரிக்கப்படாமல் வண்டியினுள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

நோய் இன்னதென்று கண்டதோடு நில்லாமல், அது எதனால் வந்தது என்பதையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவன் அதனைத் தணிக்கும் வழியை நாட வேண்டும் என்பது, மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் கூறிய அறிவுரை. உடம்புக்குச் சொன்ன அவ்வுரை இரும்புக்கும் பொருந்தும். அதனை விளக்குதற்குப் பழைய ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றினை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அக்காரில் கிளச்சை ஒரு முறை மாற்றுவதே பெரும்பாடு. ஆகவே, காரணம் அறியாமல் மாற்றுவதனால் வரும் நட்டம் அங்கே நன்றாகப் புலப்படும்.

பழைய வண்டிகளும் நாமும்

இலங்கைக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் உள்ள உறவு புதியதன்று. நுவரெலியாவிலே மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டி 1934ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. பிரித்தானியத் தொழிற்சாலைகளில் உருவான சிறு கார்கள் பல அந்நாளில் இந்நாட்டின் வீதிகளில் ஓடின. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் கார் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் வந்தன. 1977ஆம் ஆண்டுக்குப் பின்னரே கதவு அகலத் திறந்தது. மீண்டும் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில்தான் நீங்கியது. இத்தகைய காலங்களிலே, கையிலுள்ள பழைய வண்டியைக் காப்பாற்றி ஓட்டுவது நம்மவர்க்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை, கட்டாயமாக இருந்தது.

அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் வாழும் நாம் ஸ்போர்ட்ஸ் காரை நாள்தோறும் காண்பவர்கள் அல்லர். ஆயினும் வயலில் இறங்கும் உழவு இயந்திரம், நெல்மூட்டை ஏற்றும் லொறி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுசெல்லும் வேன் ஆகிய எல்லாவற்றிலும் கிளச்சு என்னும் உறுப்பு உண்டு. ஒன்றின் நோயை அறிந்தவர் மற்றதன் நோயையும் ஓரளவு ஊகிக்கலாம்.

கிளச்சு செய்யும் தொழில்

ஓடும் எஞ்சினையும், நின்றுகொண்டிருக்கும் சில்லுகளையும் அதிர்ச்சியின்றி இணைப்பதும், கியர் மாற்றும்போது இரண்டையும் பிரிப்பதுமே கிளச்சின் தொழிலாகும். எஞ்சினின் பின்புறத்திலே பிளைவீல் எனப்படும் கனத்த இரும்புச் சில்லு சுழலுகின்றது. அதன் முகத்தோடு, இருபுறமும் உராய்வுப் பொருள் பதித்த வட்டத் தகடு ஒன்று அணைந்து நிற்கின்றது. இதுவே கிளச்சுப் பிளேட். வலிமை வாய்ந்த வில் ஒன்று, அழுத்தத் தட்டின் வழியாக இத்தகட்டைப் பிளைவீலோடு நெருக்கிப் பிடிக்கின்றது. பிளேட்டின் நடுவிலே கியர்பொக்ஸின் தண்டு செருகப்பட்டிருப்பதால், பிளேட் சுழன்றால் தண்டும் சுழலும்.

நாம் மிதியை அழுத்தும்போது, ஒரு பெயரிங் முன்னே சென்று வில்லைத் தள்ளுகின்றது. வில்லின் பிடி தளர்ந்து, பிளேட் இரண்டு முகங்களுக்கும் நடுவே தனித்து நிற்கின்றது. காலை எடுத்ததும் மீண்டும் பிடி விழுகின்றது.

இந்தப் பிடியின் வலிமை எவற்றைப் பொறுத்தது? வில்லின் அழுத்தம், உராய்வுக் குணகம், பிளேட்டின் சராசரி ஆரை, உராயும் முகங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் பெருக்கினால் கிளச்சுத் தாங்கக்கூடிய முறுக்குவிசை கிடைக்கும் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்க. நான்கில் ஒன்று குறைந்தாலும் பிடி குறையும். புதிய பிளேட் போட்டாலும் அந்தக் குறை நீங்காதிருக்குமாயின், புதியதும் பழையதன் வழியே போகும்.

எம்.ஜி.பி. என்னும் கார்

இங்கிலாந்தின் அபிங்டன் நகரிலே 1962ஆம் ஆண்டு தொடங்கி 1980ஆம் ஆண்டு வரை உற்பத்தியான எம்.ஜி.பி. கார், உலகில் மிகுதியாக விற்பனையான ஸ்போர்ட்ஸ் கார்களுள் ஒன்றாகும். கூரையுள்ள வகையையும் சேர்த்து ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. 1798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய அதன் எஞ்சின் ஏறக்குறைய 110 இறாத்தல்-அடி முறுக்குவிசை தரவல்லது. கிளச்சுப் பிளேட்டின் விட்டம் 8 அங்குலம்.

இக்காரைப்பற்றி இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளவேண்டும். முதலாவது: கிளச்சை மாற்றுவதற்கு எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். ஒரு சிறு பொருளை மாற்றப் பெரும் வேலை செய்யும் நிலை இது. இரண்டாவது: வில்லைத் தள்ளும் பெயரிங், குண்டுகள் உருளும் சாதாரண பெயரிங் அன்று; காபன் எனப்படும் கரியினாலான வளையம். சுழலும் வில்லின்மேல் இவ்வளையம் உராய்ந்தவாறே அதனைத் தள்ளும். ஆகவே மிதியில் கால் பதிந்திருக்கும் ஒவ்வொரு கணமும் பென்சில் தேய்வதுபோல அது தேயும். மஞ்சட்கோட்டில் காத்திருக்கும்போது கியரை விலக்கிவிட்டுக் காலை எடுப்பதே இக்காருக்குரிய பழக்கம்.

ஓட்டுபவரின் காலைக் குறை கூறுவதில் ஓரளவு நியாயம் உண்டு என்பது இதனால் விளங்கும். ஆனால் எல்லாப் பழியையும் அக்காலின்மேல் சுமத்தினால், பின்னே வரும் காரணங்கள் தப்பிவிடும்.

முதற் கேள்வி: வழுக்குகிறதா, விட மறுக்கிறதா?

‘கிளச்சுப் போய்விட்டது’ என்பது நோயின் பெயர் அன்று; ‘உடம்புக்குச் சரியில்லை’ என்பதைப் போன்ற பொதுப்பேச்சு. கிளச்சுக்குப் பெருநோய் இரண்டு. பிடிக்க வேண்டிய வேளையிற் பிடிக்காமை ஒன்று, இது வழுக்கல். விட வேண்டிய வேளையில் விடாமை மற்றொன்று. இதனை இழுவை எனலாம். இரண்டுக்கும் காரணங்கள் வேறு, பரிகாரங்களும் வேறு. எஞ்சினைத் தூக்குமுன் இது எந்த நோய் என்பதைத் தெளிவது முதற்கடமை.

வழுக்கலை ஏற்றத்திலே காணலாம். உயர்ந்த கியரில் வேகமுடுக்கியை அழுத்தும்போது எஞ்சினின் இரைச்சல் மட்டும் ஏறி, வண்டியின் வேகம் ஏறாதிருந்தால் அது வழுக்கலே. நம்முடைய கரையோர வீதி சமதரையானது. அங்கே எஞ்சினுக்குப் பெருஞ்சுமை இல்லை. ஆதலின் அரைகுறையாக வழுக்கும் கிளச்சு பொத்துவில் வரை நல்லபிள்ளையாகவே போய்வரும். வெல்லவாயவைக் கடந்து எல்ல ஏற்றத்தில் ஏறும்போதுதான் அதன் உண்மைக் குணம் வெளிப்படும்.

இழுவையைக் காண, எஞ்சின் மெதுவாக ஓடும்போது மிதியை முழுதும் அழுத்திச் சில வினாடி பொறுத்துப் பின்கியரைப் போடவேண்டும். சத்தமின்றி விழுந்தால் நன்று. பல்லோடு பல் அரைபடும் ஓசை எழுந்தால் பிளேட் இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது என்பது பொருள். இச்சோதனைக்குப் பின்கியரைத் தெரிந்தெடுப்பது ஏனெனில், வேகங்களைச் சமப்படுத்தும் ஏற்பாடு அந்தக் கியரில் இல்லை. ஆகவே அது குற்றத்தை மறைக்காது.

வழுக்கும் கிளச்சின் வரலாறு

மறுபடி மறுபடி வழுக்கும் கிளச்சில் முதலில் ஐயுறவேண்டியது ஒயிலைத்தான். உலர்ந்த பிளேட்டின் உராய்வுக் குணகம் 0.3 என்றும், ஒயில் பட்டபின் அது 0.1 என்றும் வைத்துக்கொள்வோம். எஞ்சினின் முறுக்குவிசையைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது 165 இறாத்தல்-அடி தாங்குமாறு அமைந்த கிளச்சு, இப்போது 55 இறாத்தல்-அடி மாத்திரமே தாங்கும். எஞ்சின் தருவதோ 110. எஞ்சியது வெப்பமாக மாறிப் பிளேட்டை எரிக்கின்றது.

ஒயில் எங்கிருந்து வந்தது? கிளச்சின் முன்னே எஞ்சினும் பின்னே கியர்பொக்ஸும் உள்ளன. பல வண்டிகளில் இரண்டுக்கும் வெவ்வேறு ஒயில் பயன்படுவதால் மணத்தைக் கொண்டே எதுவென்று சொல்லலாம். எம்.ஜி.பி.யிலோ கியர்பொக்ஸுக்கும் எஞ்சின் ஒயிலையே ஊற்றுகிறார்கள், மணம் உதவாது. அங்கே ஈரம் படிந்த இடத்தைப் பார்க்க வேண்டும். பிளைவீலின் பின்புறம் நனைந்திருந்தால் எஞ்சினிலிருந்து வந்தது. கியர்பொக்ஸின் தண்டும் பெயரிங்கின் பக்கமும் நனைந்திருந்தால் கியர்பொக்ஸிலிருந்து வந்தது. கிளச்சுக் கூட்டின் அடியில் ஒரு சிறு துளையும் அதிலே தொங்கும் ஸ்பிளிட் பின்னும் இருக்கும். அவ்விடத்திலிருந்து ஒயில் சொட்டுமாயின், எதையும் கழற்றாமலே பாதிச் செய்தி கிடைத்துவிடும்.

1964ஆம் ஆண்டுக்கு முற்பட்ட எம்.ஜி.பி. எஞ்சினில் கிராங்க் தண்டின் பின்முனைக்கு ரப்பர் அடைப்பு இல்லை. தண்டிலே வெட்டிய திருகுசுருள் ஒன்று, வெளியேற முயலும் ஒயிலைத் திருப்பி உள்ளே அனுப்புகின்றது. எஞ்சின் சுழலும்வரை அது தன் கடமையைச் செய்யும், நின்றபின் செய்யாது. தேய்ந்த எஞ்சினை முகப்பு மேல்நோக்கியிருக்குமாறு சரிவில் நிறுத்தினால் ஒயில் மெல்லப் பின்னே வழியும்.

பிற்கால எஞ்சினில் ரப்பர் அடைப்பு உண்டு. அது கசிந்தால் மாற்றுகிறோம், மாற்றியதும் கசிகின்றது. இங்கேதான் விசாரணை இன்னும் ஓரடி உள்ளே செல்லவேண்டும். பிஸ்டன்களைக் கடந்து எஞ்சினின் வயிற்றுக்குள் இறங்கும் வாயு வெளியேற ஒரு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். அது அழுக்கினால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் பெருகி, ஒயிலை எந்த அடைப்பின் வழியாகவும் வெளியே தள்ளும். பிளேட் கெட்டது ஒயிலால். ஒயில் வந்தது அடைப்பின் வழியாக. அடைப்புத் தோற்றது அழுத்தத்தால். அழுத்தம் வந்தது அடைபட்ட குழாயால். குழாயைச் சுத்தம் செய்யச் சிறிது மண்ணெண்ணெயும் அரைமணி நேரமும் போதும். அதனைச் செய்யாததால் மூன்று முறை எஞ்சினைத் தூக்கியவர்கள் உலகில் இல்லாமல் இல்லை.

ஒயில் இல்லாமலும் வழுக்கும். மிதியோடு பொருந்திய மாஸ்டர் சிலிண்டரின் தண்டுக்குச் சிறிதளவு தளர்ச்சி வேண்டும். அத்தளர்ச்சி இன்றேல், திரவம் திரும்பும் நுண்துளை மூடியே இருக்கும். எஞ்சினின் சூட்டினால் விரியும் திரவம் போக வழியின்றிக் கிளச்சைத் தானே தள்ளிக்கொண்டிருக்கும். நெகிழ் குழாயின் உட்புறம் வீங்கினாலும் இதுவே நிகழும். யாருடைய காலும் மிதியில் இல்லை. ஆயினும் ஒரு கண்காணாக் கால் ஓயாமல் மிதித்துக்கொண்டிருக்கின்றது. மகன்மேல் வீண்பழி விழுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

விட மறுக்கும் கிளச்சின் வரலாறு

இழுவைக்கு முதற்காரணம் பெரும்பாலும் கூட்டுக்கு வெளியே இருக்கும். எம்.ஜி.பி.யில் மிதியின் அசைவு திரவத்தின் வழியாகச் செல்கின்றது. மேலேயுள்ள மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் முக்கால் அங்குலம். கீழேயுள்ள சிலேவ் சிலிண்டரின் விட்டம் ஒன்றேகால் அங்குலம். பரப்புகளின் விகிதம் 9க்கு 25. கீழ்த்தண்டு அரை அங்குலம் நகரவேண்டுமாயின் மேற்றண்டு ஏறக்குறைய 1.4 அங்குலம் நகரவேண்டும். மிதியையும் தண்டையும் இணைக்கும் ஆணியும் அதன் துளையும் தேய்ந்து, அரைக்கால் அங்குலம் ஆட்டம் கண்டால், அசைவில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு வீணாகிவிடும். அதனோடு கீழே கவைக்கோலின் ஆணியும் தேய்ந்திருந்தால், பிளேட்டை முழுதும் விடுவிக்க மிதிக்கு இடம் போதாது. புத்தம்புதிய பிளேட்டைப் பூட்டினாலும் கியர் அரையும். தேவைப்பட்டவையோ இரண்டு சிறிய ஆணிகள்!

மிதியைத் தொடர்ந்து இருமுறை மும்முறை அழுத்தினால் கியர் எளிதாக விழுகிறதா? அவ்வாறாயின் திரவத்தினுள் காற்றுப் புகுந்திருக்கிறது, அல்லது ரப்பர் அடைப்புத் தேய்ந்திருக்கிறது. மிதியை அழுத்தியபடி நிற்கையில் வண்டி மெல்ல முன்னே நகர முயல்கிறதா? அவ்வாறாயின் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே திரவம் அடைப்பைக் கடந்து திரும்பிவிடுகின்றது. திரவம் வெளியே சிந்தாததால் கிண்ணத்தின் மட்டம் குறையாது. ஆகவே பலர் ஏமாறுவர்.

இத்திரவத்தைப்பற்றிக் கரையோரத்தில் வாழும் நாம் மேலும் ஒன்று அறியவேண்டும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. உறிஞ்சிய நீர் சிலிண்டரின் உட்சுவரிலே துருப்புள்ளிகளை உண்டாக்கும். அப்புள்ளிகள் ரப்பரை அறுக்கும். ரப்பரை மாத்திரம் மாற்றினால் புதிய ரப்பரும் அதே புள்ளியில் அறும். இரண்டு ஆண்டுக்கொரு முறை திரவத்தை முழுதும் மாற்றுதல் நன்று. அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலை ஊற்றுவதோ பெருந்தவறு; கனியெண்ணெய் பட்ட ரப்பர் வீங்கிக் குழைந்துவிடும்.

நீண்டநாள் ஓடாமல் நின்ற வண்டியிலே, உப்புக்காற்றினால் பிளேட் பிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. பூட்டும்போது கியர்பொக்ஸின் பாரத்தைப் பிளேட்டின் நடுவிலே தொங்கவிட்டால் பிளேட் வளையும். பிளேட்டைத் திருப்பிப் பூட்டினாலும் விடாது. இவை பூட்டும் கையின் குறைகள்.

எல்லாவற்றினும் ஆழமான காரணம் எஞ்சினுக்குள்ளே இருக்கின்றது. மிதியை அழுத்தும்போதெல்லாம் கிராங்க் தண்டு முன்னோக்கித் தள்ளப்படுகின்றது. அதனைத் தாங்குபவை திரஸ்ட் வாஷர் எனப்படும் பிறைவடிவத் தகடுகள். தண்டுக்கு இருக்கவேண்டிய முன்பின் ஆட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்திற் சில பங்குதான். தகடுகள் தேய்ந்தால் மிதியின் அசைவிற் சிறிது தண்டை நகர்த்துவதிலேயே செலவாகும். ஒருவர் மிதியை அழுத்த, மற்றொருவர் எஞ்சினின் முன்புறக் கப்பியைப் பார்த்திருக்கட்டும். கப்பி கண்ணுக்குத் தெரியுமாறு முன்பின் நகர்ந்தால் கிளச்சை விட்டுவிட்டு எஞ்சினைக் கவனிக்கவேண்டும். காலந்தாழ்த்தினால் எஞ்சினின் உடலே அரைபட்டு, காரின் விலைக்கு நிகரான செலவு வந்து நிற்கும்.

கொவென்ட்ரியில் 1953 முதல் 1976 வரை வெளிவந்த ட்ரையம்ப் டி.ஆர். வகைக் கார்களும் இவ்வகையில் பெயர் பெற்றவை. கவைக்கோலைக் குறுக்குத் தண்டோடு பிணைக்கும் கூம்பாணி ஒன்று கூட்டினுள் மறைந்திருக்கின்றது. அது நன்கு இறுகாவிட்டால் ஆடி ஆடி இரண்டாக முறியும். மிதி இறங்கும், கிளச்சு விடாது. காரின் உள்ளே ஆசனங்களை அகற்றி அவ்வழியே கியர்பொக்ஸை எடுத்தாலன்றி அந்த ஆணியைக் காண இயலாது. எடுத்தபின் முறிந்த ஆணிக்குப் பதில் வேறோர் ஆணியை மாட்டிவிட்டு, ஆடுவதற்குக் காரணமான தேய்ந்த துளையையும் தண்டின் புஷ்களையும் கவனியாது விட்டால், அடுத்த ஆணியும் முறியும்.

பழைய பிளேட் சொல்லும் சாட்சி

கழற்றிய பாகங்களை உடனே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவது நம்மவர் வழக்கம். அது சாட்சியைத் துரத்திவிட்டு வழக்கை நடத்துவதாகும். பிளேட்டின் முகம் கண்ணாடிபோல் மின்னிக் கறுத்திருந்தால் ஒயில் பட்டிருக்கிறது. பிளைவீலில் நீலத் திட்டுகள் தோன்றியிருந்தால் நெடுநேரம் வழுக்கிச் சூடேறியிருக்கிறது. அதனைக் கடைந்து சமப்படுத்தாமல் புதிய பிளேட் போடலாகாது. வில்லின் விரல்முனைகள் ஆழமாகத் தேய்ந்திருந்தால், அல்லது கரிவளையம் உலோகம் தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தால், ஓயாத அழுத்தம் இருந்திருக்கிறது: காலாலோ, திரவத்தாலோ. பிளேட்டின் நடுப்பகுதி கிழிந்திருந்தால் எஞ்சினும் கியர்பொக்ஸும் நேர்கோட்டில் இல்லை. அவற்றைப் பொருத்தும் வழிகாட்டி ஆணிகள் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். உராய்வுப் பொருள் மாத்திரம் ஒரே சீராகத் தேய்ந்து ஆணித்தலை தெரிந்தால், அந்தப் பிளேட் தன் ஆயுளை நிறைவாக வாழ்ந்து முடித்தது. அங்கே வழக்கே இல்லை.

தூசியிலே மறைந்த ஆபத்து

இதுவரை கூறியது பணத்தைப் பற்றியது. இனிக் கூறப்போவது உயிரைப் பற்றியது. ஹேர்பேர்ட் புரூட் என்னும் ஆங்கிலேயர் 1897ஆம் ஆண்டிலே வண்டிகளின் தடைக்கட்டைகளுக்கான உராய்வுப் பொருளைச் செய்யத் தொடங்கினார். அவருடைய பெரோடோ என்னும் பெயர் இன்றும் கடைகளிலே வழங்குகின்றது. பின்னர் இத்துறையிலே கல்நார், அதாவது கூரைத்தகடுகளில் நாம் அறிந்த அஸ்பெஸ்டஸ், நெடுங்காலம் பயன்பட்டது. வெப்பத்தைத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலிற் புகுந்தால் புற்றுநோயை உண்டாக்குவன என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிப்படுத்தியுள்ளது. பிரித்தானியா 1999ஆம் ஆண்டில் எல்லா வகைக் கல்நாரையும் தடைசெய்தது.

பழைய காரிலும், பழைய இருப்பிலிருந்து எடுத்த பிளேட்டிலும் கல்நார் இருக்கக்கூடும். கூட்டைத் திறந்தவுடன் காற்றுக்குழாயால் தூசியை ஊதித் தள்ளுவது பல கராஜ்களில் வழக்கம். அத்தூசியைச் சுவாசிப்பவர்கள் பெரும்பாலும் தொழில் பழக வந்த பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள். நோய் அன்றே வராது; இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து வரும். அன்று அதற்குக் காரணமான காரை யாரும் நினைக்கப்போவதில்லை. தூசியை ஊதவோ உலர்ந்த தூரிகையாற் தட்டவோ கூடாது. ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, துணியைப் பையிலிட்டுக் கட்டிவிட வேண்டும். பொருத்தமான முகக்கவசமும் வேண்டும். ஒரு முறை திறந்தால் போதுமாயிருந்த கூட்டை, காரணம் அறியாமையால் மூன்று முறை திறந்தால், அப்பையன்களின் மூச்சிலும் மூன்று முறை தூசி ஏறுகின்றது. சரியான நோயறிதல் அவர்கள் உயிருக்கும் காப்பு.

பார்த்ததற்குக் கூலி

நம்மூர்க் கராஜ்களில் நாள்தோறும் கேட்கும் உரையாடல் இது.

“என்ன காக்கா, போன மாதந்தானே புதுப் பிளேட் போட்டது?”

“பிளேட்டில பிழையில்ல சேர். ஒயில் எங்கால வருது எண்டு பார்க்க ரெண்டு நாள் வேணும்.”

“ரெண்டு நாளெல்லாம் ஏலாது காக்கா. இன்னொண்டு போட்டுத் தாங்க.”

இவ்வுரையாடலிலே குற்றம் எங்குள்ளது என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம். பாகத்துக்குப் பணம் கொடுக்க நாம் தயங்குவதில்லை. கையிலே பொருள் கிடைக்கின்றது. பூட்டுங் கூலிக்கும் கொடுக்கிறோம். வியர்வை கண்ணுக்குத் தெரிகின்றது. ஆனால் ஒருவர் இரண்டு மணிநேரம் குனிந்து நோக்கி, மிதியை அழுத்தச் சொல்லிக் கப்பியைக் கவனித்து, ‘கிளச்சில் ஒன்றுமில்லை, இந்த ஆணியை மாற்றினால் போதும்’ என்று கூறினால், அதற்கு என்ன கூலி என்று சிரிக்கிறோம். சிந்தித்ததற்குக் கூலி இல்லையாயின், எவரும் சிந்திக்காமல் பாகத்தையே மாற்றுவர். வைத்தியருக்கு மருந்தின் விலையை மாத்திரமா கொடுக்கிறோம்?

ஆகவே பழைய வண்டி வைத்திருப்போர் இவற்றைக் கைக்கொள்வாராக. சிறு குறிப்பேடு ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். எந்த நாளில், எத்தனையாவது மைலில், என்ன அறிகுறி தோன்றியது, எது மாற்றப்பட்டது என்பவற்றை எழுதிவைத்தல் வேண்டும். கூட்டைத் திறக்குமுன் வெளியேயுள்ள ஆணி, தண்டு, திரவம், குழாய் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்ப்பதற்கென்றே தனிக்கூலி பேசிக் கொடுங்கள். கழற்றிய பிளேட்டைத் துடைக்காமல் பையிலே கட்டித் தரச்சொல்லி, அதன் முகத்தைப் பார்த்த பின்னரே புதியதற்குப் பணம் கட்டுங்கள். பூட்டி முடித்ததும், ‘எது கெட்டது?’ என்பதோடு நில்லாது ‘எதனால் கெட்டது?’ என்றும் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை சொல்லக்கூடிய மெக்கானிக் உங்களூரில் ஒருவர் இருப்பாராயின், அவர் கேட்கும் கூலியைக் குறைக்காதீர்கள். அவரிடம் தொழில் பழகும் பையனும் அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிக்கொள்வான்.